இன்று யாரோடு ஓடினாள்

நோயாளியின் பையைச் சோதிக்கக் கூடாது என்று உங்களுக்கு யாராவது வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால், அதை மறந்துவிடுங்கள். சோதியுங்கள். நான் முப்பத்தொரு வருஷம் சோதித்தேன். மைசூரில் புற்றுநோய் வார்டில் வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணும் முதல் வாரத்திலேயே சந்தேகப்படக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளாதவள் வேறு வார்டு கேட்டுப் போகட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே எல்லோரும் பொய் சொல்வார்கள். கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். நஞ்சன்கூட்டில் மில்லில் வேலை பார்த்த ஒருவரை அவர் மகன் கூட்டிவந்து சேர்த்தான். "அப்பாவுக்கு வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க" என்று என் காதில் சொன்னான். அவன் காப்பி வாங்கப் போனதும் அந்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்றார். வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று ஆளுயரத்துக்குப் பலகை தொங்குகிறது. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியும். இதற்கு நடுவில் நான் நின்று ஊசி போட வேண்டும். இன்னொரு வீட்டில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏதோ இலைச் சாற்றைத் திருட்டுத்தனமாக ஊட்டினார்கள். அந்தப் பெண்ணின் கண் மஞ்சளானது. நாங்கள் கேட்டபோது வீட்டார் எட்டுப் பேரும் ஒரே குரலில் இளநீர் என்றார்கள். அவள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் யாருடைய பையையும் நம்பியதில்லை.

எனவே நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, சந்தேகம் தப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்வது அது இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். பெண்கள் வார்டில் இருபது கட்டில், காலை ஷிப்டில் இரண்டு பேர். பழனியம்மா என்று ஒரு அம்மாள், மார்பில் கட்டி, ஆபரேஷன் ஆகி ஆறு ஊசிக்கு வந்திருந்தாள். நாங்கள் கீமோதெரபி என்கிற அந்தச் சிகிச்சைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊசி'. மூன்று வாரத்துக்கு ஒன்று. புருஷன் பெயர் தங்கவேலு. கோபிநத்தம் பக்கம் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் ராகி, கொஞ்சம் ஆடு. அங்கிருந்து மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, கொள்ளேகாலில் பஸ் மாறி வந்துசேர ஒரு பகல் போய்விடும். அதனால் மூன்றாவது ஊசிக்குப் பிறகு டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டிலேயே வைத்துக்கொண்டார். தங்கவேலு ஆஸ்பத்திரிச் சத்திரத்தில் படுத்துக்கொண்டு, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, ஆண்களை உள்ளே விடுகிற நேரத்தில் இட்லியோடு வருவான்.

வருவான் என்று சொல்லிவிட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், எனக்கு முப்பத்திநாலு. நான் அவரை நீ என்றுதான் பேசினேன். அவர் என்னை 'அம்மிணி', 'வாங்க', 'போங்க' என்றார்.

அவர்கள் இரண்டு பேரும் தினமும் ஒரு கூத்து நடத்துவார்கள். அவளுக்கு முதல் ஊசியிலேயே தலை முழுக்க வழுக்கை. அவர் இட்லி இருந்த தூக்குப் போசியோடு கட்டில் காலடியில் வந்து நின்று, அவளை அடையாளமே தெரியாதவர் மாதிரிப் பார்த்து, "ஏனுங்கோ, எம்பட பொண்டாட்டி இந்தக் கட்டில்லதான் இருந்தா. நீளக் கூந்தல்காரி. பாத்தீங்களா?" என்று கேட்பார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவளா, அவ ஓடிப்போயிட்டாளே" என்பாள். யாரோடு என்று அவர் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தினமும் வேறாக இருக்கும்.

ஒரு நாள் கொள்ளேகால் பஸ் கண்டக்டரோடு. அவனாவது விசில் அடிப்பான், வீட்டுக்காரர் கூப்பிட்டால் பத்து ஆட்டுக்கும் கேட்காது என்றாள். ஒரு நாள் ஃபாரஸ்ட் கார்டோடு. யானையைக் கண்டு ஓடி ஓடிப் பழகினவன், கூட ஓடச் சுலபம். ஒரு நாள் ஊசி போடுகிற டாக்டரோடு. பக்கத்துக் கட்டில்களில் கன்னடம் மட்டும் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். தமிழ் தெரிந்தவர்களை நச்சரித்து மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். எட்டு மணி ஆனால் வார்டே அந்தக் கட்டிலைப் பார்க்கும். வாந்திக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் பதில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் வாந்தி எடுத்தாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாகிற நோயை வைத்துக்கொண்டு இவ்வளவு சிரிக்கிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த வருஷங்களில் அந்தப் பக்கத்து ஆள் என்றாலே மைசூரில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். காட்டில் சந்தனக் கடத்தல்காரனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம். அங்கே பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பையைப் பிரிப்பார்கள், கொஞ்சம் கூடுதலாக அரிசி இருந்தால் யாருக்கு என்று கேட்பார்கள். நான் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே அவரிடம் நான் இன்னும் கடுமையாக இருந்தேன். நம்ம ஆளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

போதாததற்கு அவரிடம் ஒரு துணிப்பை. கீழே வைக்கவே மாட்டார். உட்கார்ந்தால் மடியில், நின்றால் கக்கத்தில்.

நான்காவது ஊசிக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து, வெள்ளணு எண்ணிக்கை விழுந்து, ஐந்தாவது ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போனது. எனக்கு இலைச் சாறுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை பையைக் கொடு என்றேன். அவர் தயங்கினார், கையால் மூடினார். கையால் மூடினால் எனக்குப் போதும். பிடுங்கி மேஜையில் கொட்டினேன். ஒரு சீப்பு, ஒரு துண்டு, மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. முடிச்சை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவிழ்த்தேன்.

உள்ளே தலைமுடி. நீளமான முடி, பாதி நரைத்தது, சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருந்தது.

மாதேஸ்வரன் மலைச் சாமிக்கு முடி தருவதாக அவள் நோய் வந்த உடனே வேண்டியிருக்கிறாள். மலை ஏறுவதற்கு முன்னால் ஊசி முடியை எடுத்துவிட்டது. அவர் தினமும் தலையணையிலிருந்து பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். சிகிச்சை முடிந்து தீபாவளி அமாவாசைக்கு மலைக்குப் போய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு.

அவர் முடியைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "செக்போஸ்ட்டுல அரிசி இருக்குதான்னு பாப்பாங்க, அம்மிணி. நீங்க என்ன இருக்குதுன்னு பாத்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: "நல்லாப் பாத்துக் கட்டிக் குடுங்க அம்மிணி. ஒரு மசுரு கொறஞ்சாலும் சாமி எங்களத்தான் கேக்கும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வார்டு ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டால், அதன் பிறகு அவர்மேல் சந்தேகம் குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது, ஏறும். அவர் யோக்கியர் என்றால் நான் செய்தது அயோக்கியத்தனம் என்றாகிவிடுகிறதே. அதனால் அவரிடம் வேறு ஏதாவது தப்பு இருந்தே ஆக வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

ஐந்தாவது ஊசி ஒருவழியாகப் போட்டாகிவிட்டது. பத்தாம் நாளுக்கு மேல் வெள்ளணு தரையில் கிடக்கும் நாட்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோகும். இதை நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை அவர் வந்தார். காலடியில் நின்றார். "ஏனுங்கோ, எம்பட பொண்டாட்டியப் பாத்தீங்களா?" என்றார்.

அவள் சிரித்தாள். "நான் எங்க போறேன் மாமா? இங்கதான் இருக்கறேன்" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி நெகிழ்ந்துபோய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுத்த கட்டிலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது மனுஷர்கள் மாதிரிப் பேசுகிறார்களே என்று நினைத்தேன். அவர் மட்டும் போசியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். நான் சீட்டைப் பார்த்தேன். மூன்று நாளாக மூன்று வேளையும் காய்ச்சல் இல்லை, காலை ஆறு மணிக்கும் இல்லை. நார்மல் என்றேன். அவர் நகரவில்லை.

"இன்னைக்கு அவ ஓடிப்போகலீங்க" என்றார்.

எனக்கு மூன்று பேருக்கு டிரிப் மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் கூத்தையெல்லாம் அங்கேயே வைத்துக்கொள், எனக்கு வேலை இருக்கிறது என்றேன். இவ்வளவு நாள் நான் எவ்வளவு திட்டினாலும் ஒதுங்கிப் போகிற மனுஷர், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா ஓடிட்டு இருக்கறா அம்மிணி. வாந்தி எடுத்துக்கிட்டே ஓடுனவ. கண்ணத் தொறக்க முடியாதப்பக்கூட ஓடுனவ. இன்னைக்கு ஓடலீன்னா, அவளால முடியலீன்னு அர்த்தமுங்க."

நான் எழுந்து போனேன். அவர் சொன்னது புரிந்து போனேன் என்று நினைக்காதீர்கள். நேற்றுக் காலை இவர் அவளுக்கு எதையோ கொடுத்திருக்கிறார், இப்போது பயந்துபோய் முந்திக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவளைப் பார்க்கப் போகவில்லை, தடயம் எடுக்கப் போனேன். நேராகப் போய்த் தலையணையைத் தூக்கினேன்.

ஒரு மாத்திரை அட்டை இருந்தது. காய்ச்சல் மாத்திரை. பத்தில் எட்டு இடம் காலி.

பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை கத்தரியால் வெட்டியிருந்தது.

அந்த வெட்டு என்னுடையது. வார்டு மாத்திரைகளை ஆயாக்கள் வெளியே கொண்டுபோகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் என் கையால் போகிற ஒவ்வொரு அட்டையையும் மூலை வெட்டித்தான் கொடுப்பேன். வேறு யாருக்கும் அந்த வழக்கம் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் உடம்பு வலி என்றாள். ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டார்கள். ஒரு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்து விழுங்குகிறாளா என்று பார்க்க வேண்டியவள், அட்டையையே கையில் கொடுத்து, வலித்தால் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன். சீட்டிலும் எழுதவில்லை. சுத்தமாக மறந்தும்போனேன்.

அவள் மறக்கவில்லை. காய்ச்சல் என்று தெரிந்தால் கடைசி ஊசி மறுபடி தள்ளிப்போகும், தீபாவளிக்கு மலைக்குப் போக முடியாது. நான் தெர்மாமீட்டரோடு வருகிற நேரம் அவளுக்கு மனப்பாடம். அரை மணிக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள்வாள். நான் கக்கத்தில் வைத்து எடுத்து, நார்மல் என்று எழுதிவிட்டுப் போவேன். அவள் கையை அப்போதுதான் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் வருகிற ஜில். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

டூட்டி டாக்டர் ஓடிவந்தார். இளைஞர், கன்னடக்காரர், கோபக்காரர். அட்டையைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பழனியம்மா சொல்லிவிட்டாள், வெளியே கடையில் வாங்கிவரச் சொன்னேன் என்று. சொல்லும்போது புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். டாக்டர் தங்கவேலு பக்கம் திரும்பினார். வார்டே திரும்பியது. ஏற்கனவே ஒரு முறை பை கொட்டப்பட்ட ஆள்தானே.

"ஆமாங்க. நாந்தானுங்க வாங்கியாந்தேன்" என்றார் அவர்.

எப்போது என்று டாக்டர் கேட்டார். நேற்றுக் காலை என்றார்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு எல்லாமே வசதியாக அமைந்துவிட்டது. நோயாளி சொல்லிவிட்டாள், புருஷன் ஒத்துக்கொண்டுவிட்டார், நம்ப மாட்டேன் என்று சொல்ல அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. நான் சும்மா நின்றால் போதும். நின்றேன். ஒழுக்கமானவள் என்று நானே என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். காய்ச்சல் நேற்றுக் காலையிலிருந்து என்று எழுதினார். ரத்தம் அனுப்பு, ரிப்போர்ட் வரட்டும், பார்த்துவிட்டு மருந்து முடிவு செய்யலாம் என்றார். அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. நேற்றிலிருந்து இல்லை, திங்கட்கிழமையிலிருந்து. எட்டு மாத்திரை மூடி வைத்திருந்த காய்ச்சல். ரிப்போர்ட் வர மத்தியானம் ஆகும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் அவளுடைய மத்தியானத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அட்டை நான் கொடுத்தது. திங்கட்கிழமை. சீட்டில் எழுதவில்லை" என்றேன், கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. எழுதினதை அடித்துவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்து ஏற்றச் சொன்னார். அடுத்த கால் மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. திட்டெல்லாம் மறுநாள் வந்தது, எழுத்தில், மெமோவாக. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை வராந்தாவில் தங்கவேலுவிடம் கேட்டேன், ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று. நீங்கள் என்று நான் சொன்ன முதல் தடவை. அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க பக்கம் செக்போஸ்ட்டுல கேட்டா ஆமான்னு சொல்லிப் பழக்கமுங்க. இல்லைன்னா இன்னும் நாலு கேள்வி கேப்பாங்க, நேரம் போயிரும். இங்க வைத்தியத்துக்கு நேரம் போயிருமேன்னு பாத்தேன்."

தன் ஒரு பொய்யால் வைத்தியம்தான் தாமதமாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லத் தகுதி உள்ளவள் நான் இல்லை.

அவள் ஏன் பொய் சொன்னாள் என்பதைக் கண் திறந்து பேச முடிந்த பிறகு அவளிடமே கேட்டேன். "உங்களை வேற வார்டுக்கு மாத்திப்போடுவாங்களே அம்மிணி. அடுத்து வர்றவ எப்படிப்பட்டவளோ. உங்க வசவு எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றாள்.

அதற்கு முன்னால் நாலு நாள் அவள் எதுவும் பேசவில்லை. அதில் இரண்டு நாள், அவள் பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் எட்டு மணிக்கு வருவார், போசியோடு காலடியில் நிற்பார், ஒன்றும் கேட்க மாட்டார், ஒன்பதுக்குப் போய்விடுவார். பை கக்கத்தில் இருக்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் ஆன பிறகும் அவர் கேட்கவில்லை. கேட்டு, அவள் மறுபடி இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம் அவருக்கு. எனக்கும்தான். அவர் வந்து நின்றதும் நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேன்.

அவள்தான் ஆரம்பித்தாள். "என்ன மாமா, பொண்டாட்டியத் தேடறத உட்டுப்போட்டியா?"

அவர் ஏனுங்கோ என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாடியைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எருமை மேல வந்தான் மாமா ஒருத்தன். வா போலாம்னு நாலு நாளாக் கூப்புட்டானாம். அவளும் ஓடிப்போலாம்னுதான் கெளம்பியிருக்கறா. இந்த அம்மிணி வழி மறிச்சுக்கிட்டு, பையச் சோதிக்காம உடமாட்டேன்னுட்டாங்களாம். எருமைக்காரன் நின்னு நின்னு பாத்துட்டுப் போயிட்டான்."

கன்னடக் கட்டில்களுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அதனால் வார்டு இரண்டு தடவை சிரித்தது. அவர் முகத்தைத் துண்டில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை. அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிறகு தலையணையைத் தூக்கி அடியில் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.